வீட்டில் அளந்தவர்கள்

எங்கள் பூங்காவின் வாசல் வளைவில் 'மனதுக்கு அமைதி, குடும்பத்துக்கு மகிழ்ச்சி' என்று பெரிதாக எழுதியிருக்கும். தினமும் முதல் குடும்பச் சண்டை அந்த வளைவுக்குக் கீழேதான் தொடங்கும். தண்ணீர் பாட்டிலை யார் எடுத்து வரவில்லை என்பதில் ஆரம்பித்து, யாருடைய அம்மா எப்போது என்ன சொன்னாள் என்பது வரை போகும். ஏரிக்கரைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியே என்னிடம் வந்து, காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகு ஒன்று கேட்பார்கள். பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே படகை மிதித்தால் என்ன ஆகும்? நடு ஏரியில் போய் வட்டமடிக்கும். நான் கரையில் நின்று விசில் ஊதி, "பதினேழு! வலது பக்கம் மிதிங்க! வலது!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். படகு நம்பரையும் கிளம்பிய நேரத்தையும் குறித்துக்கொள்ள ஒரு தட்டைப் பென்சில் எப்போதும் என் காதில் செருகியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

ஊருக்கு நடுவில் இவ்வளவு பெரிய இடத்தை வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதில் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ரோஜாத் தோட்டத்தில் ரோஜாவைப் பார்ப்பதில்லை, அதற்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். குப்பை போடுவதற்காக வாயைத் திறந்து நிற்கிற சிமெண்டுப் பென்குயினின் தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள், ஐஸ்கிரீம் குச்சியை அதன் காலடியில் போடுகிறார்கள். குட்டி ரயில் எட்டு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். அதில் இடம் பிடிக்கப் பெரிய மனிதர்கள் முட்டி மோதுவதைப் பார்த்தால் ஊரையே காலி செய்துவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றும். கண்ணாடி மாளிகையில் குண்டாகத் தெரிந்தாலும் சிரிக்கிறார்கள், ஒல்லியாகத் தெரிந்தாலும் சிரிக்கிறார்கள். உண்மையான உருவம் தெரிகிற ஒரே கண்ணாடி வெளியேறும் வழியில் இருக்கிறது. அதன் முன்னால் மட்டும் யாரும் நிற்பதில்லை.

இத்தனையையும் வெறுப்பதற்கு எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். என் அக்காவின் புருஷன். இது அவருடைய கதை, என்னுடையது இல்லை.

படகுத்துறைக்கும் சங்கிலி ராட்டினத்துக்கும் நடுவில் இடுப்பளவு குரோட்டன்ஸ் வேலி ஒன்றுதான். அந்தப் பக்கம் அத்தான், இந்தப் பக்கம் நான். சங்கிலியில் தொங்குகிற நாற்காலிகளில் ஆட்களை உட்கார வைத்து, இடுப்புக் கொக்கியை மாட்டி, பொத்தானை அமுக்கி, மூன்று நிமிடம் சுற்றிவிட்டு இறக்கிவிடுவது அவர் வேலை. யாரும் செய்யலாம். ஆனால் அத்தான் அதை வேலையாக நினைத்ததே இல்லை. அவருக்கு வேலை என்றால் அந்தக் கம்பம்தான்.

ராட்டினத்தின் வாசலில் ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறது. வெள்ளைப் பெயின்ட், அதில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் 120 என்ற எண். நூற்றிருபது சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகள் ஏறக்கூடாது, கொக்கியில் நழுவிவிடுவார்கள். அத்தான் ஒவ்வொரு பிள்ளையையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலைக் கம்பத்தில் ஒட்ட வைத்து, மோவாயை இறக்கி, உச்சந்தலையில் ஒரு மர ஸ்கேலைப் படுக்க வைத்துப் பார்ப்பார். ஸ்கேல் கோட்டைத் தொட்டால் "போ". தொடாவிட்டால் "அடுத்து". அந்த இரண்டு சொல்லைத் தவிர அவர் வாயிலிருந்து மூன்றாவது சொல் வருவது அபூர்வம். பூங்காவில் எல்லோரும் அவரைக் கோடு என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

பெற்றோர்களின் தில்லுமுல்லுகளை அவர் பட்டியல் போட்டு வைத்திருந்தார். முடியை உச்சியில் கொண்டையாகக் கட்டிக் கூட்டி வருவார்கள். சாக்சுக்குள் அட்டையை மடித்து வைப்பார்கள். "கொஞ்சம் நிமிர்ந்து நில்லுடா" என்று பிள்ளையின் காதைப் பிடித்து மேலே இழுத்த அப்பன் ஒருவனை நானே பார்த்தேன். ஆனால் எல்லோரும் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு. "வீட்ல அளந்தோம் சார். சரியா இருந்துச்சு."

அதைக் கேட்டதும் அத்தான் வேலிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். நான் சிரிப்பேன். பொய் சொல்கிற எல்லோருக்கும் எங்கள் இருவருக்குள் அதுதான் பெயர், 'வீட்டில் அளந்தவர்கள்'. டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேன் என்பவனும், படகு தானாகக் கவிழ்ந்தது என்பவனும், லீவு கேட்கத் தலைவலியைக் கூட்டி வருகிற தோட்டக்காரனும் எல்லோருமே வீட்டில் அளந்தவர்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, பெரிய விடுமுறை தொடங்குவதற்கு முந்திய வாரம், அத்தான் கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பார். பூங்காவில் பெயின்டர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைக் கிட்டேயே விடமாட்டார். வீட்டிலிருந்து தன் சொந்தப் பிரஷ்ஷைக் கொண்டுவந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழு மதியத்தை அந்த ஒரு கோட்டுக்குச் செலவழிப்பார். கிரீடத்துக்கு மெருகு போடுகிற நினைப்பு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கிண்டல் செய்வேன். "அத்தான், கோடு காயற வரைக்கும் விசிறி விடட்டுமா?" அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவருக்கு வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு சாதனை இருந்தது. சொந்த மகளையே திருப்பி அனுப்பியவர் என்பது.

அது நடந்தபோது நான் பூங்காவில் சேர்ந்து மூன்று மாதம். அத்தான் சொல்லித்தான் வேலை கிடைத்தது, தற்காலிக வேலை, தங்கியிருந்ததும் அவர்கள் வீட்டில். அவர் மகளுக்கு அன்று எட்டாவது பிறந்தநாள். ஏழு வயதிலிருந்தே அந்த ராட்டினத்தில் ஏறவேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவு நிலையில் மாதா மாதம் அவளை நிற்க வைத்து அளப்பது வழக்கம். அன்று காலையில் அளந்தபோது நூற்றிருபது தாண்டிவிட்டது. நிலையில் பென்சில் கோடும் போட்டாயிற்று. புதுச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டு வந்தாள்.

அத்தான் ஸ்கேலை வைத்தார். ஒரு விரல் குறைந்தது. வரிசையில் ஐம்பது பேர் நிற்கிறார்கள். ராட்டினக் கூண்டில் அறிவிப்பு செய்ய ஒரு மைக் உண்டு. அவர் அதைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் பாருங்க. இது என் சொந்தப் பொண்ணு. ஒரு விரல் குறையுது. திருப்பி அனுப்பறேன்."

"அப்பா, வீட்ல அளந்தேம்பா! தாண்டியிருந்துச்சு!" என்றாள் அவள்.

மனிதர் அதோடு விட்டிருக்கலாம். மைக்கை வாயிலிருந்து எடுக்காமலேயே, "கேட்டீங்களா? என் பொண்ணே என்கிட்ட பொய் சொல்லுது. வீட்ல அளந்தாளாம்!" என்றார்.

கூட்டம் கை தட்டியது. ஐந்து நிமிடம் முன்பு சாக்சுக்குள் அட்டை வைத்தவனும் கை தட்டினான். நான் இந்தப் பக்கம் நின்று சிரித்தேன். போதாததற்கு அவளுக்கு ஒரு பெயரும் வைத்தேன், 'அரை டிக்கெட்'. குடும்பம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில்தான் அவளுடைய உண்மைப் பெயரைப் பார்த்தேன் என்று சொல்லும் சொந்தக்காரர்கள் உண்டு.

அடுத்த வார விடுமுறையில் அத்தான் கதவு நிலைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார். பொய்க் கணக்கு வீட்டில் இருக்கக்கூடாது என்றார். அக்கா அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. அரை டிக்கெட் அதற்குப் பிறகு பூங்காவுக்குள் காலடி வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா வந்தபோதுகூடக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். வளர்ந்து, படித்து, இன்று ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரின் மறு கோடியில் குடித்தனம். மாதம் ஒரு தடவை வந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். அப்பாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்பாள். அவர் "ம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அத்தான் ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது அலுவலகத்தில் ஒரு சின்ன விழா வைப்பதாகச் சொன்னார்கள். ராட்டினத்துக்கு முன்னாலேயே நாலு நாற்காலி போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். முப்பத்தொரு வருடம் நேரம் தவறாமல் வந்தவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று அந்தப் புத்திசாலிகளுக்குத் தோன்றவில்லை. அத்தானுக்குக் கடிகாரம் ஒரு பொருட்டில்லை. மகள் வரவேண்டும், அது ஒன்றுதான். அந்தக் கல் முகத்தில் ஆசை இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. கையாலாகாதவன் ஆசைப்படுவதைப் பார்ப்பது எப்போதும் அப்படித்தான்.

போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"எங்க வேணும்னாலும் கூப்பிடுங்கப்பா, வரேன். பார்க்குக்கு மட்டும் கூப்பிடாதீங்க."

"கடைசி நாளும்மா."

"தெரியும்ப்பா. சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

போனை வைத்துவிட்டு, "ஒரு விரலுக்காக இருபத்திரண்டு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா பாரு மாப்ளே" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஓய்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது பாதுகாப்புப் பரிசோதனைக்கு ஒரு அம்மாள் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் இரும்பு டேப். கொக்கிகளை இழுத்துப் பார்த்தாள், மோட்டாரைப் பார்த்தாள், சங்கிலிக் கண்ணிகளைத் தட்டிப் பார்த்தாள். எங்கள் பூங்காக் கண்காணிப்பாளர் அவள் பின்னாலேயே குழைந்துகொண்டு நடந்தார். கடைசியில் அவள் டேப்பின் முனையைக் கம்பத்தின் அடியில் வைத்து மேலே இழுத்தாள். ஒரு தடவை பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

"சார், இந்தக் கோடு நூத்திருபத்தெட்டுல இருக்கு."

அத்தான் சிரித்தார். அவர் பல் வெளியே தெரிந்து பல வருடம் ஆகியிருக்கும். "டேப்பைச் சரியாப் பிடிங்கம்மா."

அவள் டேப்பை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் பிடித்தார். நூற்றிருபத்தெட்டு. கண்காணிப்பாளரின் அறையிலிருந்து வேறு ஒரு டேப் வந்தது. அதிலும் நூற்றிருபத்தெட்டு.

"யாருங்க இதுக்குப் பெயின்ட் அடிக்கறது?" என்று கேட்டாள். அத்தான் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டாள். அவர் பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னார். முதலில் கீழேயிருந்து கோடு வரைக்கும் வெள்ளை. வெள்ளை அடிக்கும்போது கோட்டின் கீழ் ஓரத்தைப் பிரஷ் கொஞ்சம் தின்றுவிடும். கோடு மெலிந்துவிடும். அதனால் மேல் பக்கம் கொஞ்சம் சிவப்பைக் கூட்டி, பழைய தடிமனுக்குக் கொண்டுவருவார்.

"ஏன் மேல் பக்கம்?"

"கீழ இறக்கினா சட்டத்தைத் தளர்த்தின மாதிரி ஆயிடுமே" என்றார்.

அப்படித் தளர்த்தாமல் தளர்த்தாமல் வருடத்துக்கு ஒரு நூல் அளவு கோடு மேலே ஏறியிருந்தது. பக்கத்திலிருந்த எண்ணையும் அவரே கூடவே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் நாலு விரல்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலிக்குப் பின்னால் குனிந்து சிரித்தேன். கண்காணிப்பாளரும் சிரித்தார். "மேலதானே போயிருக்கு? கீழ போகலியே. அப்ப இன்னும் பாதுகாப்புதானே மேடம்?"

"ஆபத்து ஒண்ணும் இல்ல சார். ஏற வேண்டிய பசங்க ஏறாமப் போயிருப்பாங்க, அவ்வளவுதான்" என்றாள் அவள். நாளைக்குள் சரி செய்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதிக்கொண்டு, டீ குடிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் விசாரணை. யாரும் அவரைத் திட்டக்கூட இல்லை.

மறுநாள் பூங்காவுக்கு வார விடுமுறை. காலையிலேயே அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெயின்ட் சுரண்டுகிற தகட்டை எடுத்துக் கம்பத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கோட்டுக்குக் கீழே வெள்ளையைச் சுரண்டச் சுரண்ட, உள்ளேயிருந்து சிவப்பு வந்தது. ஒவ்வொரு வருடத்துக் கோடும் அடுத்த வருடத்து வெள்ளைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது, கீழிருந்து மேலே படிக்கட்டு மாதிரி. எல்லாவற்றுக்கும் அடியில், அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் எவனோ ஒரு கூலிப் பெயின்டர் ஐந்து நிமிடத்தில் இழுத்துவிட்டுப் போன கோடு, நூற்றிருபதில் ஆடாமல் அசையாமல் இருந்தது.

அத்தான் நகத்தால் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவதில் நிறுத்தினார். மகளைத் திருப்பி அனுப்பிய வருடம். டேப்பை வைத்தார். நூற்றிருபத்திரண்டும் கொஞ்சமும்.

"அன்னிக்கு அவ எவ்வளவு குறைஞ்சா?" என்று கேட்டார். அவருக்கே தெரியும்.

"ஒரு விரல்."

தன் ஆள்காட்டி விரலை அந்தக் கோட்டுக்குக் கீழே படுக்க வைத்தார். விரலின் கீழ் ஓரம் நூற்றிருபதுக்கு மேலேயே நின்றது. ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை.

"வீட்ல அளந்தேன்னு சொன்னாளே மாப்ளே" என்றார்.

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகுகள் எல்லாம் கயிற்றில் கட்டிக் கிடந்தன.

பிறகு அவர் தகட்டைத் துடைத்துக்கொண்டு, "இது நமக்குள்ளயே இருக்கட்டும். வீட்ல சொல்லாதே" என்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி என்று மைக்கில் சொன்னவர், தான் தப்பு என்பதை மட்டும் குசுகுசுவென்று சொல்கிறார். இவருக்கா பயந்து இத்தனை வருடம் ஜனங்கள் செருப்பைக் கழற்றினார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் வீட்டுக்குப் போனதும் அவரால் இருக்க முடியவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், கதவு நிலையின் பச்சைப் பெயின்டில் தகட்டை வைத்தார். அக்கா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்றாள். என்ன, ஏது என்று அவள் கேட்கவில்லை.

அவர் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தடுமாறிச் சுரண்டினார். அக்கா ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு விரல் மேல" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா இந்த நிலையிலதான் சாஞ்சு நிக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்றவள் என் பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். நான் கை கழுவக் குழாயடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கோடு தெரிந்தது. தடித்த, தட்டையான பென்சில் கோடு, ஓரத்தில் தேதியோடு. அத்தான் டேப்பைத் தரையில் வைத்து இழுத்தார். நூற்றிருபதரை. அப்படியே நிலையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுவிட்டார். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "குழம்பு அடிப்பிடிக்குது, நகருங்க" என்றாள். அன்று மாலை மகளுக்குப் போன் போட்டு ஒரே வரிதான் சொன்னாள். "உங்கப்பா கதவைச் சுரண்டிட்டாரு."

கடைசி நாள் வந்தது. கம்பத்தில் கோடு பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. அதனால் அந்த வாரம் முழுக்க ஒரே அமளி. "போன வாரம் திருப்பி அனுப்பினீங்க, ஒரே வாரத்துல என் பையன் வளந்துட்டானா?" என்று ஒரு தாய் அவரை உண்டு இல்லை என்று பண்ணினாள். அத்தான் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றார். விழா மாலை நாலரைக்கு. கண்காணிப்பாளர், 'ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காதவர்' என்று பேசிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கடிகாரத்தை வாங்கிய அத்தான், வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

விழா முடிந்து, கடைசி ஒரு மணி நேரம் ராட்டினம் ஓட்ட வேண்டும். வரிசை நின்றது. ஆறாவது ஆளாகத் தோளில் கைப்பையோடு அரை டிக்கெட் நின்றாள். வாசலில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, எல்லோரையும் போல வரிசையில் வந்து நின்றிருந்தாள். அத்தானின் கையிலிருந்த ஸ்கேல் கீழே விழுந்தது.

அவர் கூண்டுக்குள் போய் மைக்கை எடுத்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம், "பொதுமக்களின் கவனத்துக்கு" என்றுதான் ஆரம்பித்தார். மைக்கில் அவர் மூச்சுதான் கேட்டது.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணு இங்க வந்து, வீட்ல அளந்தேன்னு சொன்னா. நான் பொய்யின்னு சொன்னேன். இதே மைக்லதான் சொன்னேன். அவ சொன்னது நிஜம். கோடுதான் தப்பு. கோட்டைப் போட்டது நான்." மகள் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடும்மா."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அன்றைக்கு அவ்வளவு உற்சாகமாகக் கை தட்டிய கூட்டத்தின் வாரிசுகள்தான் இவர்களும். பஞ்சுமிட்டாயோடு நின்ற ஒருவன், "சார், இப்ப ராட்டினம் ஓடுமா ஓடாதா?" என்று கேட்டான்.

அவள் முறை வந்தது. செருப்பைக் கழற்றினாள். குதிகாலைக் கம்பத்தில் ஒட்ட வைத்து நின்றாள். கோடு அவள் நெஞ்சளவுக்கு இருந்தது. அத்தான் ஸ்கேலை எடுத்து, கையை உயர்த்தி, அவள் தலையில் வைத்தார்.

"போ" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அப்பாவின் கன்னத்தில் வழிந்ததை உள்ளங்கையால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மூன்று நிமிடம் சுற்றினாள். இறங்கும்போது தலை சுற்றி, வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து என் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன அரை டிக்கெட், இந்த மூணு நிமிஷத்துக்கா இருபத்திரண்டு வருஷம்?" என்றேன்.

அவள் கண்ணை மூடியபடியே பேசினாள்.

"அப்பாவுக்குக் கோடு தப்புன்னு தெரியாது மாமா. தெரியாமச் சொன்னாரு. எனக்குக் கோபம் இருந்துச்சு, இன்னிக்குப் போயிடுச்சு. ஆனா நான் சொன்னது நிஜம்னு உங்களுக்குத் தெரியுமே."

நான் விசிலை எடுத்து வாயில் வைத்தேன். எந்தப் படகும் வெளியே இல்லை.

"அன்னிக்குக் காலைல என்னை நிலையில நிக்க வெச்சு அளந்தது நீங்க. காதுல இருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டது நீங்க. 'தாண்டிட்டேடி, இன்னிக்கு உன்னை யாராலயும் தடுக்க முடியாது'ன்னு தூக்கிச் சுத்தினீங்க. அப்பா பொய்யின்னு சொன்னதும் நான் உங்களைத்தான் பார்த்தேன். மாமா, சொல்லுங்க மாமான்னு கூப்பிட்டேன். நீங்க சிரிச்சீங்க."

அது உண்மை. அளந்தது நான் என்பதையும் அவள் கூப்பிட்டதையும் மட்டும் நான் மேலே சொல்லாமல் விட்டேன். தற்காலிக வேலை, மூன்று மாதம், அவர் நினைத்தால் போய்விடும், அவர் வீட்டுச் சோறு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் டேப்பைத் தேடியிருப்பார், கோடு அன்றைக்கே இறங்கியிருக்கும். அதற்குப் பிறகு வந்த அத்தனை பிள்ளைகளும் ஏறியிருப்பார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புச் சரிதான் என்று ஆக்குவதற்காக மறுநாளும் சிரித்தேன். அப்புறம் அதுவே முகமாகிவிட்டது.

"அம்மாவுக்குத் தெரியும். அப்பாகிட்ட நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்று எழுந்தாள். "இனிமே என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, மாமா."

அவள் போய் அப்பாவின் கையிலிருந்த கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண், பிள்ளையைக் கம்பத்தில் நிறுத்திவிட்டு, "வீட்ல அளந்தோம் சார், சரியா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பழக்கம் போகவில்லை, அத்தான் வேலிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.